பரிசளிப்பு விழாவில் கற்பூர ஆராத்தி வேண்டுமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள அரச கல்லூரி ஒன்றின் பரிசளிப்பு விழாக் குழுவுக்கு நான் செயலாளர். சென்ற ஆண்டு விழா தேவாரத்துடன் தொடங்கி, வெள்ளையரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பற்றிய நாட்டிய நாடகத்துடன் முடிந்தது. நாடகத்தின் இறுதியில் வீரனின் படத்துக்குக் கற்பூர ஆராத்தி காட்டி, சபையோர் அனைவரையும் எழுந்து கைகூப்பச் சொன்னார்கள். பலர் அழுதார்கள். மறுநாள் ஒரு கத்தோலிக்கத் தாயும் ஒரு முஸ்லிம் தந்தையும் தனித்தனியே வந்து, இனி இப்படிச் செய்ய வேண்டாம் என்று தயக்கத்தோடு கேட்டுக்கொண்டார்கள். இந்த ஆண்டும் அப்படியே நடக்க வேண்டும் என்கிறது பழைய மாணவர் சங்கம்; செலவும் அவர்களுடையது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: நாடகத்தை வையுங்கள்; ஆராத்தியை எடுத்துவிடுங்கள். வீரனைப் பற்றிய நாடகம் பார்ப்பவரை எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை, பிடிக்காதவர் சும்மா இருந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் கற்பூரம் ஏற்றப்பட்டு, ஒலிவாங்கியில் "அனைவரும் எழுந்து" என்ற அறிவிப்பு வந்த அந்த நொடியில், பார்வையாளர் வழிபடுவோராகிவிடுகிறார், எழாதவர் மதத்துக்கும் மண்ணுக்கும் ஒருங்கே எதிரானவராகத் தோன்றிவிடுகிறார். பிள்ளைக்குப் பரிசு வாங்க வந்த பெற்றோரை அந்த நிலையில் நிறுத்தும் உரிமை கல்லூரிக்கு இல்லை.

சட்டத்தில் இதற்கு இடம் தெளிவாகவே இருக்கிறது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. 12(2)ஆம் உறுப்புரை மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. உங்கள் கல்லூரியின் பெயரில் ஒரு புனிதர் இருந்தாலும், "இந்து" என்ற சொல் இருந்தாலும், 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அரசு பொறுப்பேற்ற பாடசாலை என்றால் அது அரச பாடசாலைதான். பெயர்ப்பலகையைக் காட்டி வாதாடுவோர் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். "9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை தருகிறதே, நாங்கள் மட்டும் ஏன் ஒதுங்க வேண்டும்?" என்று பழைய மாணவர் ஒருவர் நிச்சயம் கேட்பார். அதே உறுப்புரை ஏனைய மதத்தவரின் உரிமைகளையும் காப்பதாகச் சொல்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதோடு, பௌத்த விகாரை எழுப்பப்பட்ட குருந்தூர்மலையில் அரசும் மதமும் கைகோத்து நின்றதைக் கண்டு கொதித்தவர்கள், தம் கையில் இருக்கும் சிறிய மேடையில் அதையே செய்வது எப்படிப் பொருந்தும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், வன்னியில் ஒரு பாடசாலை விழாவில் இதுபோன்ற ஒரு வணக்கத்தின்போது நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் முக்காடு அணிந்த ஒரு மாணவி, சற்று முன் பரிசாகக் கிடைத்த புத்தகத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். கைகூப்பாமல் இருப்பதற்கு அவளுக்கு அகப்பட்ட ஒரே காரணம் அந்தப் புத்தகம்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல திரும்பி வந்திருக்கும் மண் இது. "எங்கள் மண்" என்று மேடையில் பாடும்போது அந்த "எங்கள்" யாரையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதைப் பாட்டைத் தெரிவு செய்பவர் ஒருமுறை யோசித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி நிகழ்ச்சி நிரல். மங்கல விளக்கை நீக்க வேண்டியதில்லை. வன்னியில் கத்தோலிக்கரும் தம் விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். ஆனால் ஏற்ற விரும்பாத விருந்தினரை முன்கூட்டியே கேட்டறிந்து, அவர் பெயரை அழைக்காமல் விடுங்கள். தேவாரத்துக்குப் பதிலாக ஒரு நிமிட மௌன இறைவணக்கம் போதும். நான்கு மதகுருமாரை அழைத்து நான்கு ஆசியுரை வைத்தால் சமநிலை வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் அதனால் வருவது முக்கால் மணி நேரத் தாமதமும், யாருக்கு முதலிடம் என்ற மனத்தாங்கலும்தான். இந்துக்களின் வாணி விழா, கிறிஸ்தவர்களின் ஒளி விழா, முஸ்லிம்களின் மீலாத் விழா ஆகியவை மதத்துக்கென்றே இருக்கின்றன. அவற்றில் மதம் முழு அழகோடு விளங்கட்டும். விரும்பாதவர் வராமல் இருக்கலாம் என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். தேசிய கீதத்தைத் தயங்காமல் தமிழில் பாடலாம். அரசியலமைப்பின் தமிழ் வாசகத்திலேயே அது இருக்கிறது. 2016 சுதந்திர தின விழாவில் கொழும்பிலேயே தமிழில் பாடப்பட்டது. ஒலிப்பதிவைப் போடாமல் பிள்ளைகளையே பாட விடுங்கள்.

கண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுவே பெரிய கவலை. 2009 இறுதிப் போரில் உறவுகளை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த மண்டபத்தில், ஒளியைக் குறைத்து, வெடிச்சத்தம் ஒலிக்கவிட்டு, ஒரு தாயை ஓலமிட வைத்தால் எல்லோரும் அழுவார்கள். அது கலைத்திறனுக்குக் கிடைத்த சான்று என்று நெறியாளர் நினைத்துவிடக் கூடாது. புண்ணை அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும். இறந்தவர்களை நினைவுகூர விரும்பினால், பின்னணி இசையில்லாமல், எந்தத் தரப்பின் பெயரும் சொல்லாமல் ஒரு நிமிட அகவணக்கம் செலுத்துங்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னமோ சீருடையோ மேடைக்கு வந்தால், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படக்கூடியவர்கள் அதிபரும் பயிற்றுவித்த ஆசிரியரும், சில வேளை ஆடிய பிள்ளைகளும்தான். செலவு செய்த சங்கத்தினர் அப்போது வேறு நாட்டில் இருக்கக்கூடும்.

நாடகத்துக்கும் ஒரு யோசனை. கற்சிலைமடுவில் வெள்ளையர் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிரிபேர்க் அந்த இடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகத்தான் சொல்கிறது. கொன்றதாக அதில் இல்லை. நம் நாடகங்களோ அவனை அங்கேயே வீழ்த்தி, உடனே படமாக்கி மாலை போட்டுவிடுகின்றன. வென்றவர் எழுதிய கல்லுக்கும் ஊரார் சொல்லும் கதைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியையே உயர்தர வரலாற்று மாணவர்கள் மேடையில் காட்டட்டுமே. கற்பூரம் ஏற்றிய பிறகு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது.

பழைய மாணவர் சங்கத்திடம் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு பேசிப் பயனில்லை. அதற்குள் உடைகள் தைக்கப்பட்டிருக்கும், பிள்ளைகள் ஒத்திகையில் இருப்பார்கள். பணம் வாங்கும் முன்பே, நிகழ்ச்சி நிரலை விழாக் குழுவே தீர்மானிக்கும் என்று அதிபரின் கையொப்பத்துடன் கடிதம் கொடுங்கள். உங்களிடம் வந்த அந்த இரு பெற்றோரில் ஒருவரையாவது இம்முறை குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் முறையிட்டதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம்.