திருமண, குடும்ப சிகிச்சையாளர் ஆக முதுகலைப் பட்டம் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் போதாது, அது பாதி வழிதான்; தொழில் செய்ய மாநில உரிமமும் வேண்டும். பட்டத்துக்கு முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் 2, 3 ஆண்டுகள் ஆகும். படிக்கும்போதே மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் உண்மையான தம்பதிகளையும் குடும்பங்களையும் சந்திக்க வேண்டும். என்னைக் கேட்டால், படிப்பின் உயிரே அதுதான். யார் பக்கம் நியாயம் என்று பார்த்தே பழகிய கண், இருவருக்கும் நடுவே ஓடும் சுழலைப் பார்க்கப் பழக வேண்டும்: அவள் கேட்கக் கேட்க அவன் வாய் மூடுகிறான், அவன் வாய் மூட மூட அவள் இன்னும் கேட்கிறாள். (நாம் நடத்திய அமர்வின் பதிவை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பார்ப்பது கூச்சமாகத்தான் இருக்கும்.)

உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் குறைந்தது 104 வாரங்களில், மேற்பார்வையாளரின் கீழ் பெற்ற 3,000 மணிநேர அனுபவம் வேண்டும், தேர்வுகள் தனி. சேருமுன், உங்கள் மாநில உரிம வாரியம் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.