கழித்தல் அல்ல, கழிதல்

கேள்வி: போகிக்கு முந்திய இரவு, குன்னூர் பக்கம் ஒரு விடுதியில் நடந்த மேள நிகழ்ச்சிக்குப் போனேன். மனதில் உள்ள பாரத்தைச் சீட்டில் எழுதி நெருப்பில் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் எல்லோரும் மேளம் அடிக்க வேண்டும். 'இது கோத்தர்களின் பழைய சடங்கு, துக்கம் இன்றோடு போய்விடும்' என்றார்கள். அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. அம்மாவின் ஸ்வெட்டரையும் நெருப்பில் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. துக்கமும் போகவில்லை. குறை என்னிடமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்களிடம் ஒரு குறையும் இல்லை, சகோதரி. உங்களுக்குச் சொல்லப்பட்டதுதான் தவறு.

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களிடம் மரபுப்படி ஒரு சாவுக்கு இரண்டு சடங்குகள். முதலாவது 'பச்தாவ்', இரண்டாவது 'வறள்தாவ்'. தாவ் என்றால் சாவு. பச்சைச் சாவு, வறண்ட சாவு என்று தமிழ்க் காதுக்கு உடனே புரிந்துவிடும். ஆள் இறந்ததும் எரிப்பது பச்சைச் சாவு. அப்போது மண்டையோட்டின் சிறு துண்டு ஒன்றை எடுத்து வைப்பார்கள். அப்புறம் காத்திருப்பார்கள். ஓராண்டு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் ஊரில் இறந்த எல்லோருக்கும் சேர்த்துப் பல நாள் நடப்பது வறண்ட சாவு. கணவனையோ மனைவியையோ இழந்தவருக்கு அதுவரை துக்க காலம்தான்.

1937-38இல் அவர்களிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இந்தச் சடங்கை விரிவாக எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு பானையை உடைப்பார்கள். உடைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் ஊருக்கு வந்துவிட வேண்டும். பிறகு ஊரில் ஆட்டமும் பாட்டும். அந்தத் திரும்பிப் பார்க்காத நடைதான் நீங்கள் கேட்கும் 'விட்டுவிடுதல்'. ஆனால் அதற்கு முன்னால் அத்தனை மாதம் இருக்கிறது. அதை யாரும் இரண்டு மணி நேரமாகச் சுருக்கவில்லை. ஈரம் காய எவ்வளவு நாள் ஆகும் என்று மலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேளத்துக்கு வருவோம். கோத்தர் இசையில் 'கொள்' என்னும் நாயனம், 'கொப்' என்னும் கொம்பு, தப்பட்டை, மத்தளங்கள் எல்லாம் உண்டு. சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வேறு, ஆட்டத்துக்கு வேறு. சாவு மெட்டை நினைத்தபோது எடுத்து வாசிக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் அவர்கள் தெய்வங்களான அய்யனோர், அம்மனோர் திருவிழா வரும். அதற்குரிய மெட்டு அதற்கு. அங்கே மேளம் துக்கத்தை விரட்டும் கருவி இல்லை. இன்றைக்கு இதற்கான நாள் வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லும் குரல். நாளையும் ஊரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சத்தம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: பிறர் வீட்டுச் சாவுக்கும் மேளம் அடித்தார்கள் என்பதையும் ஒரு காரணமாக வைத்து கோத்தர்களைத் தாழ்வாக நடத்திய காலம் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லி அதே மேளத்தைக் கட்டணம் வாங்கி விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

உங்கள் பக்கத்துப் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் ஒரு வழக்கம் உண்டு. 'கரு ஹரசோது' என்பார்கள். இறந்தவரின் பாவங்களைப் பெரியவர் ஒருவர் ஊர் கேட்க வரிசையாகச் சொல்வார்: பாம்பைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது என்று. 1,300 பாவம் என்பது மரபுக் கணக்கு. அந்தக் காலத்தில் அவற்றை ஒரு கன்றின் மேல் ஏற்றி, கன்றை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். இதில் ரகசியச் சீட்டு கிடையாது. ஊரே காது கொடுத்துக் கேட்டு, ஊரே விட்டுவிடுகிறது.

போகிக் கொட்டு சென்னைப் பக்கத்துப் பிள்ளைகளின் பழக்கம். விடிகாலையில் பழைய பாயும் துடைப்பமும் எரிய, அதைச் சுற்றிக் கொட்டடிப்பார்கள். அது வீட்டுக் குப்பைக்கு உரிய நெருப்பு. அன்று எல்லோரும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்கிறோம். அது 'நன்னூல்' சூத்திரம். இலக்கணத்தில் பழைய வழக்குகள் போய்ப் புதியவை வருவது குற்றமல்ல, காலத்தின் இயல்பு என்று சொல்ல எழுதியது. அதை எழுதிய பவணந்தியார் 'கழித்தல்' என்று எழுதவில்லை, 'கழிதல்' என்றுதான் எழுதினார். தானாகக் கழிவது அது. உங்களைக் கழிக்கச் சொன்னார்கள், உங்கள் மனம் மறுத்தது. அது சரியாகத்தான் மறுத்தது.

நான்கு மாதம் பச்சைக் காலம். நம் வழக்கத்திலும் பதினாறாம் நாள் கருமாதியோடு முடிந்துவிடுவதில்லை, ஆண்டுத் திவசம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உறவுக்காரர்களைக் கூப்பிடுங்கள். அம்மாவைப் பற்றி, அவர் கோபத்தையும் சேர்த்து, எல்லோரும் வாய்விட்டுப் பேசுங்கள். ஸ்வெட்டரை இந்தக் குளிருக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த போகிக்கும் கொடுக்க மனசு வரவில்லையென்றால், அது பீரோவிலேயே இருக்கட்டும்.