குடியை நிறுத்த ஆதரவுக் குழுக் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பல பேர் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவது அந்தப் பயத்தால்தான்.

குடியை விட நினைப்பவர்கள் பெயரை வெளியிடாமல் கூடி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அது இரண்டு வகைக் கூட்டங்கள் நடத்துகிறது. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர், யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். நீங்கள் மூடிய கூட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே தெரிந்த முகம் இருந்தால் அவரும் உங்கள் பாட்டைப் பட்டவராகத்தான் இருப்பார். யார் வந்தார், என்ன பேசினார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பதை அங்கிருப்பவர்கள் உயிராக மதிக்கிறார்கள். நான் இத்தனை வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், என் பெயர் அந்த அறையைத் தாண்டிப் போனதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லியாக வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால், கூட்டத்துக்குப் போகிறோமே என்று திடீரென ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் மனக்குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தும் கூட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கூட்டத்தில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்தப் பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, தேடுவதற்கு வருவோம். உங்கள் நாட்டின் ஏ.ஏ. இணையதளத்தில் ஊர் வாரியாகப் பட்டியல் இருக்கும், தொலைபேசி எண்ணும் இருக்கும். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், நேரம் மாறும், மாற்றத்தை ஏற்ற யாராவது மறந்திருப்பார்கள். அந்த எண்ணில் பேசுங்கள். பெரும்பாலும் எடுப்பவரும் குடியை விட்டவராகவே இருப்பார். எந்த மொழியில் பேசுவார்கள், மூடிய கூட்டமா என்று கேட்டுவிட்டு, அப்புறம் இதையும் கேளுங்கள்: “முதல் தடவை வருகிறேன், வாசலில் யாராவது நிற்க முடியுமா?” பெரும்பாலும் ஆள் அனுப்புவார்கள். தனியாக உள்ளே நுழைவதற்கும், கைகொடுத்து அழைத்துப்போக ஒருவர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

உள்ளே பெரிதாக ஒன்றும் நடக்காது. கொஞ்சம் நாற்காலிகள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஒருவர் தன் கதையைச் சொல்வார், நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது, “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். கட்டணம் கிடையாது. செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், புதியவர் அதில் போட வேண்டியதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் நீங்கள் உறுப்பினர், அவ்வளவுதான்.

முதல் குழு பிடிக்காமல் போகலாம். ஒரே ஆள் மணிக்கணக்கில் பேசுகிற குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன், புதியவரைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கேட்கிற குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். நாலைந்து இடம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: கூட்டம் முடிந்ததும் யாராவது உங்களிடம் வந்து தன் எண்ணைக் கொடுக்கிறாரா? கூட்டம் வாரத்தில் சில மணி நேரம்தான், குடிக்கத் தோன்றுவதோ எந்த நேரத்திலும். அந்த நேரத்தில் ஃபோனை எடுக்கிற ஒருவர்தான் உங்களுக்குத் தேவை. இந்த இயக்கமே அப்படிப் பிறந்ததுதான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைகூடாமல் ஒரு ஹோட்டலில் தனியாக நின்ற பில் என்பவர், பக்கத்து மதுக்கூடத்துக்குள் போகாமல் தொலைபேசியை எடுத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். அந்த இருவர்தான் ஏ.ஏ.வின் நிறுவனர்கள்.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழி பன்னிரண்டு படிகள்; அவற்றில் கடவுள் என்ற சொல் வரும். அவரவர் புரிந்துகொண்டபடி என்றுதான் எழுதியிருக்கிறார்கள், நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள். அப்படியும் ஒட்டவில்லை என்றால் ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறொரு ஆதரவு அமைப்பு இருக்கிறது. 1994இல் தொடங்கியது, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை வைத்து நடக்கிறது, கடவுள் பேச்சு இல்லை. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று யோசிப்பவருக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு ஒன்று 2020இல் வந்தது, அது 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள் மற்ற பெயர்பெற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தன என்றது.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனியாகவே குழுக்கள் உண்டு. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் போகலாம்.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், யாரும் திட்ட மாட்டார்கள். இப்போதைக்கு வெளியே கிளம்பவே தைரியம் வரவில்லையா? இணையவழிக் கூட்டங்கள் ஏதாவது ஒரு நாட்டில் எந்நேரமும் நடந்துகொண்டிருக்கும். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டு, இன்று இரவே ஒன்றில் சேருங்கள்.