இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நகரி. விசைத்தறி ஓட்டும் அண்ணனுக்கு நுரையீரலில் டிபி. மாத்திரை தொடங்கி ஐந்து வாரத்தில் இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறுகிறது. இனி மாத்திரை எதற்கு என்கிறார். வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிக் கொன்றுவிடும் என்றுதானே படித்தோம்? இதை மட்டும் ஏன் கொல்ல முடிவதில்லை?

ஒரு வாசகர், நகரி

அன்புள்ள நண்பருக்கு,

விழுங்கத்தான் செய்கிறது. சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

இருமும்போது கிளம்பும் நுண்துளிகளில் 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ளவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணு கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். வேறு கிருமியாக இருந்தால் பையில் அமிலம் ஏறி பிஎச் (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5-ஐ ஒட்டி இறங்கும். பிறகு செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து பையோடு இணையும். கிருமி கரைந்துபோகும்.

காசநோய்க் கிருமி இந்த இணைப்பை நடக்கவிடாது. லைசோசோம் வந்து சேர, பையின் சவ்வில் பிஐ3பி என்ற கொழுப்பு அடையாளம் வேண்டும். கிருமியின் உறையில் உள்ள சர்க்கரைக் கொழுப்பு ஒன்று அது உருவாவதைத் தடுக்கும். மீறி உருவானதை சாப்எம் என்ற நொதி சிதைக்கும். பிடிபிஏ என்ற இன்னொரு புரதம், அமிலம் இறைக்கும் பம்பைப் பையிடம் வரவிடாது. பிஎச் 6.2, 6.4 என்ற அளவிலேயே நின்றுவிடும். கொல்லவேண்டிய இடமே கிருமிக்குக் குடியிருப்பு ஆகிறது. போதாததற்கு ஈஎஸ்எக்ஸ்-1 என்ற சுரப்பு அமைப்பால் பையையே ஓட்டையாக்கும். (பிசிஜி தடுப்பூசிக் கிருமியிடம் இந்த அமைப்பு இல்லை; வளர்ப்பில் அந்த மரபணுப் பகுதியை இழந்துவிட்டது.)

குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு வரும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் விழித்து வர வாரக்கணக்கில் ஆகும். வந்ததும் கிருமியைச் சுற்றிச் செல்கள் சுவர் எழுப்பும். இதுதான் கிரானுலோமா. நடுவே பாலாடைக்கட்டி போலச் செத்த திசு. ஆக்சிஜன் குறைவு, மருந்தும் உள்ளே சரியாக ஊறாது. அங்கே கிருமி பெருகுவதைக் குறைத்துக்கொண்டு, கொழுப்பைத் தின்று காத்திருக்கும்.

உங்கள் பக்கம் மதனப்பள்ளி அருகே ஆரோக்யவரம் சானடோரியம் (டிபி நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கத் தொடங்கிய மருத்துவமனை) இருக்கிறதே, மருந்து வராத காலத்தில் அப்படிப்பட்ட இடங்களில் ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் வைத்தியம். அது உடலைத் தேற்றியது. சிலருக்குச் சுவர் நின்றது. உள்ளே இருந்த கிருமியை அது கொல்லவில்லை.

இன்றைய மருந்துகளில் ஐசோநியசிட் வேகமாகப் பெருகும் கிருமிகளை முதல் சில நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடும். அண்ணனுக்கு இருமல் நின்றது அதனால்தான். மந்தமாகக் கிடப்பவற்றை ரிஃபாம்பிசினும், அமிலச் சூழலில் வேலை செய்யும் பைராசினமைடும் மெல்லமெல்லத்தான் ஒழிக்கும். மருந்துக்குப் பணியும் டிபிக்கு 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் மூன்று மருந்து என்பது இதற்காகத்தான். ஐந்தாம் வாரத்தில் நிறுத்தினால் மந்தமானவை மிஞ்சும், நோய் திரும்பும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்தை எதிர்க்கும் கிருமி மட்டும் தேறி வளரும். அதற்கான சிகிச்சை இதைவிடக் கடினம்.

மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. அண்ணன் 5 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் மருந்து கொடுக்கும் இடத்தில் சொல்லி அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் பார்க்கவேண்டும், கட்டுப்படாத சர்க்கரை அந்தச் சுவரைத் தளர்த்தும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசினால், பயமில்லை. கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை இருக்கும், தவறவிடாதீர்கள். வீட்டில் உள்ள குழந்தைகளை அதுவரை காத்திருக்காமல் இப்போதே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.