மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் அப்படி என்ன உறவு? சூத்திரம் தெரிகிறது, புரியத்தான் இல்லை

"ஓம் விதி, ஃபாரடே விதி, லென்ஸ் விதி எல்லாம் ஒப்பிப்பேன், மார்க்கும் வருகிறது. ஆனால் மின்சாரமும் காந்தமும் ஒன்று என்கிறார்களே, அதுதான் மண்டையில் ஏறவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு மார்க்காவது வருகிறது. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் எடுத்துவிட்டு, மோட்டார் பற்றிய பேப்பரிலேயே இரண்டு முறை அரியர் வைத்தவன். இன்று பிழைப்பே மோட்டார் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டுவதுதான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேராசிரியர் இல்லை. வகைநுண்கணிதம் தேவையில்லை என்றும் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் மோட்டாரைப் பழுது பார்க்கலாம், வடிவமைக்க முடியாது. நான் சொல்லப்போவது எனக்கு எந்த இடத்தில் புரிந்தது என்பதை மட்டும்தான்.

அரியர் வைத்த வருடம் கோடை லீவில், கோயம்புத்தூரில் கணபதி பக்கம் இருந்த என் தாய்மாமன் கடையில் கொண்டுபோய் விட்டார்கள். விவசாயிகளின் கிணற்று மோட்டார், வீட்டில் தண்ணீர் ஏற்றும் மோனோபிளாக் பம்ப் எல்லாம் எரிந்துபோய் வரும். பழைய காயிலைப் பிரித்து, சுற்று எண்ணி, கம்பியின் கேஜ் பார்த்து, ஸ்லாட்டில் பேப்பர் வைத்துப் புதுக் காயில் இறக்கி, வார்னிஷ் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் எனக்குப் பேப்பர் வெட்டுகிற வேலை மட்டும்தான்.

இரண்டாவது வாரம் மாமா ஒரு வித்தை காட்டினார். 5 ஹெச்பி மூன்று ஃபேஸ் மோட்டார். காயில் கட்டி முடித்தாயிற்று, நடுவில் சுழல்கிற ரோட்டரை இன்னும் உள்ளே விடவில்லை. வெற்று ஸ்டேட்டருக்குள் (காயில் இருக்கும் அசையாத வெளிக்கூடு) ஒரு பேரிங் குண்டைப் போட்டு, டிம்மரில் வோல்டேஜைக் குறைத்து லேசாக சப்ளை கொடுத்தார். குண்டு உள்சுவரை ஒட்டியபடி கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. சர்க்கஸில் மரணக் கிணறு என்று பைக் ஓட்டுவார்களே, அதேதான். இரண்டு வயரை மாற்றிப் போட்டார், எதிர்ப்பக்கம் சுற்றியது. "சுழலும் காந்தப்புலம்" என்று ஐந்து மார்க் கேள்விக்கு நான் எழுதிக் கிழித்தது இதைத்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் மாமா வெளியே போன நேரத்தில் எனக்குக் கை அரித்தது. நானே கட்டிய முதல் காயில், 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக், மேஜைமேல் இருந்தது. அதிலும் குண்டைப் போட்டேன். மோட்டார் ஓடும்போது வேலை செய்கிற ரன்னிங் காயிலை மட்டும் நேராக 230 வோல்ட் பிளக்கில் செருகினேன். டிம்மர் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. குண்டு சுற்றவில்லை. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு 'ர்ர்ர்' என்று நடுங்கியது. இப்போது சுற்றும், இப்போது சுற்றும் என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபியூஸ் கேரியரில் எந்தப் புண்ணியவானோ தடித்த கம்பியாகப் போட்டு வைத்திருந்ததால் அதுவும் போகவில்லை. முதலில் வார்னிஷ் வாசனை, அப்புறம் புகை. மூன்று நாள் வேலை.

மாமா வந்தார். "என்றா பண்ணுன?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதே மாதிரி இன்னொரு நல்ல மோட்டாரை எடுத்து வைத்து, "ஓம்ஸ் பாரு கண்ணு" என்றார். மீட்டரில் 4 ஓம் காட்டியது.

"230 வோல்ட், 4 ஓம். எத்தன ஆம்பியர் இழுக்கோணும்?"

"57 வருதுங் மாமா."

மோட்டாரை ஓடவிட்டு வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற டங் டெஸ்டரைப் போட்டார். 7 ஆம்பியர்கூட வரவில்லை.

"மீதி 50 எங்கடா போச்சு?"

இந்தக் கேள்விதான் எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தது. (ஓம் விதி தப்பு என்று நான் சொல்வதாக யாரும் கமெண்டில் வராதீர்கள். பேட்டரியில் போட்டால் 4 ஓம் காயில் 4 ஓமுக்கு உண்டானதை ஒழுங்காக இழுக்கும்.) வீட்டுக்கு வரும் ஏசியில், அதாவது மாறுமின்னோட்டத்தில், மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை போய்ப் போய்த் திரும்புகிறது. அது உண்டாக்கும் காந்தமும் கூடவே ஏறி இறங்கித் தலைகீழாகிறது. அப்படி மாறுகிற காந்தம், தன்னை உண்டாக்கிய அதே காயிலுக்குள் எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து 230 தள்ளுகிறது, உள்ளேயிருந்து கிட்டத்தட்ட அதே அளவு எதிர்த்துத் தள்ளுகிறது. காயிலைக் காப்பாற்றுவது செம்பின் தடை இல்லை, அந்த எதிர்ப்புதான். லென்ஸ் விதி என்று ஒரு வரியில் படித்தோமே, 1834-இல் லென்ஸ் சொன்னது, அது இல்லையென்றால் உங்கள் வீட்டு ஃபேன்கூட எரிந்துபோகும்.

சரி, என் காயில் ஏன் எரிந்தது? ரோட்டர் உள்ளே இருந்தால் காந்தம் இரும்பு வழியாகவே போய் வட்டமாகத் திரும்பி வரும். நடுவில் காற்று இடைவெளி அரை மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். ரோட்டரை எடுத்துவிட்டால் நடுவில் முழுக்கக் காற்று. 230-ஐ எதிர்த்து நிற்க இவ்வளவு காந்தம் வேண்டும் என்று காயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காற்றில் அதே காந்தத்தை உண்டாக்கப் பல மடங்கு கரண்ட் இழுக்க வேண்டும். இழுத்தது, எரிந்தது. குண்டு சுற்றாததற்கும் காரணம் உண்டு. ஒற்றைக் காயிலின் காந்தம் ஒரே கோட்டில் ஏறி இறங்குமே தவிர சுழலாது. சுழல வேண்டுமானால் ஸ்டார்டிங் காயில் என்ற இரண்டாவது காயிலும் கெப்பாசிட்டரும் சேர வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற சொல் 'மாற்றம்'. நிற்கிற மின்னூட்டம் மின்புலத்தை மட்டும் தரும். அது நகர்ந்தால் காந்தப்புலமும் வரும். 1820-இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், கரண்ட் போகிற கம்பிக்கு அருகில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டது இதைத்தான். உடனே எல்லோரும் தலைகீழாக யோசித்தார்கள். கரண்டிலிருந்து காந்தம் வருமானால், காந்தத்திலிருந்து கரண்ட் வர வேண்டுமே? பெரிய காந்தத்தைக் காயிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. நான் குண்டைப் பார்த்துக் காத்திருந்த மாதிரிதான்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் ஜெனீவாவின் கொலாடோன். 1825-இல் காயிலுக்குள் காந்தத்தைச் செருகிப் பார்த்தார். சிறு கரண்டையும் முள்ளால் காட்டுகிற கால்வனாமீட்டரைக் காந்தம் நேரடியாகத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்று அதைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் செருகிவிட்டு எழுந்து நடந்துபோய் முள்ளைப் பார்ப்பார், அது சும்மா நிற்கும். அவர் நடந்துபோன நேரத்தில் முள் ஆடி அடங்கியிருக்கும். கூட ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருந்திருக்கும்! 1831 ஆகஸ்டில் ஃபாரடே, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றி, ஒன்றில் பேட்டரியை இணைத்தபோதும் பிரித்தபோதும் மட்டும் இன்னொன்றில் முள் துள்ளுவதைக் கண்டார். இணைத்தே வைத்திருந்தால் துள்ளவில்லை. காந்தம் இருப்பதால் அல்ல, மாறுவதால்தான் மின்சாரம் வருகிறது. அந்த ஃபாரடே கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யப் பழகியவர், கணக்கில் பலவீனம். அதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது, மன்னிக்கவும்.

உங்கள் வீட்டு மோட்டாரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். 2880 போல ஓர் எண் இருக்கும். இரண்டு துருவம், 50 ஹெர்ட்ஸ் என்றால் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. ரோட்டர் ஏன் 120 குறைவாகச் சுற்றுகிறது? கவனியுங்கள், ரோட்டருக்கு ஒரு வயர்கூடப் போவதில்லை. உள்ளே இருக்கும் அலுமினியக் கம்பிகளைக் காந்தப்புலம் கடந்து போவதால்தான் அவற்றில் கரண்ட் வருகிறது. ரோட்டரும் அதே 3000-இல் ஓடினால் அதன் கண்ணுக்குக் காந்தம் அசையாமல் நிற்கும். மாற்றம் இல்லை, கரண்ட் இல்லை, இழுப்பும் இல்லை. ஆகவே துரத்திக்கொண்டே இருக்க வேண்டும், பிடித்துவிடக் கூடாது. அரியர் பேப்பரில் 'ஸ்லிப்' என்று இதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. மூன்றாம் முறை எழுதியபோது சூத்திரத்தை மறந்துவிட்டு இதைத்தான் கதையாக எழுதினேன், பாஸ்.

இன்னொன்று. எலக்ட்ரான் கம்பியில் மின்னல் வேகத்தில் ஓடுகிறது என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் போனால் எலக்ட்ரான் கூட்டம் நகர்வது விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கடக்க நாலு மணி நேரம் ஆகும். ஏசியில் அதுவும் இல்லை, நின்ற இடத்திலேயே ஊசலாட்டம்தான். (வெப்பத்தால் அவை கன்னாபின்னாவென்று அலைவது வேறு கணக்கு, தெரியும்.) ஆனாலும் 5 ஹெச்பி மோட்டாரைச் சுழற்றுகிற காந்தம் இந்த நத்தை நகர்விலிருந்துதான் வருகிறது, ஏனென்றால் எண்ணிக்கை அப்படி. மின்சாரமும் காந்தமும் ஒன்று என்பதன் ஆழமான பொருள் இங்கேதான் இருக்கிறது. ஒரே சங்கதியை நீங்கள் நின்று பார்த்தால் மின்புலமாகவும், நகர்ந்து பார்த்தால் காந்தம் கலந்ததாகவும் தெரியும். ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரை ஆரம்பிப்பதே ஒரு காந்தத்தையும் ஒரு கடத்தியையும் வைத்துத்தான். அதற்கு மேல் எனக்கு ஏறாது, விட்டுவிடுகிறேன்.

காந்தம் என்று பேச ஆரம்பித்ததால் ஒன்றைக் கொட்டாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பெரியப்பா மூட்டுவலிக்காக ஒரு பசுமாட்டு விலை கொடுத்துக் காந்தப் படுக்கை வாங்கினார். விற்றவன் சொந்தக்காரப் பையன், பெயர் வேண்டாம். "ரத்தத்தில் இரும்பு இருக்கிறது மாமா, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும்" என்றானாம். ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு, ஆணி இரும்பு மாதிரி காந்தத்தில் ஒட்டாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் காந்தத்திலிருந்து துளியளவு விலகவே செய்யும். எம்ஆர்ஐ மெஷினில் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல அளவு), ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப்போல நூறு மடங்குக்கு மேல். ரத்தம் காந்தத்துக்கு இழுபடுமானால் ஸ்கேனுக்குள் போன ஒருவரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். இதை நான் பந்தியில் உட்கார்ந்து சொன்னதற்கு "காயில் கட்டுறவனுக்கு என்ன தெரியும்" என்று பதில் வந்தது. அந்த வீட்டு மோட்டார் இப்போதும் என்னிடம்தான் வருகிறது.

நீங்கள் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மோட்டாரை எல்லாம் பிரிக்காதீர்கள், 230 வோல்ட் விளையாட்டும் வேண்டாம். ஏசி மெக்கானிக் யாரிடமாவது கெஞ்சி ஒரு முழம் செம்புக் குழாய் வாங்குங்கள். அதற்குள் லூசாக நுழைகிற நியோடிமியம் காந்தம் ஒன்று வாங்குங்கள். முதலில் செம்பில் காந்தம் ஒட்டவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயை நிமிர்த்திப் பிடித்து, காந்தத்தை மேலிருந்து விடுங்கள். கால் விநாடியில் பொத்தென்று விழ வேண்டியது, எண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். உள்ளே குனிந்து பார்த்தால் குழாயின் எந்தப் பக்கத்தையும் தொடாமல் வருவதுகூடத் தெரியும். ஏன் என்று லென்ஸ் விதியை வைத்து நீங்களே ஒரு பத்து நிமிடம் யோசியுங்கள், விடையை நான் சொல்ல மாட்டேன். குழாய் செம்பாகவே இருக்கட்டும். பிவிசி குழாயில் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே வந்து என்னைத் திட்டாதீர்கள்.