முதலில் ஒரு ‘போன்ஜூர்’

கேள்வி: என் ஒரே மகள் வரும் செப்டம்பரில் மேற்படிப்புக்காக பிரான்சிலுள்ள லியோன் நகருக்குப் போகிறாள். அங்கே சுற்றுலா போய்வந்த உறவினர் ஒருவர், “பிரெஞ்சுக்காரர்கள் கர்வக்காரர்கள், முகம் கொடுத்தே பேச மாட்டார்கள்” என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நாங்கள் சைவம். பொட்டு வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகலாமா என்றுகூடத் தெரியவில்லை. அவளை எப்படித் தயார்செய்வது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் உறவினர் கடைக்குள் நுழைந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். நான் லியோனில் இருந்த முதல் வாரம், ரொட்டிக் கடையில் நேராக “ஒரு பாகெட் வேண்டும்” என்றேன். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்து “போன்ஜூர்” என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நானும் “போன்ஜூர், மதாம்” என்று சொன்ன பிறகுதான் ரொட்டி கைக்கு வந்தது. வணக்கம் சொல்லாமல் வேலையை ஏவுவது அவர்களுக்கு அவமரியாதை. பஸ் ஓட்டுநர், மருத்துவர், அலுவலக எழுத்தர், யாரானாலும் முதல் சொல் அதுதான்; புறப்படும்போது ‘ஒ ர்வுவார்’. இந்த இரண்டையும் உங்கள் மகள் பழகிக்கொண்டால் போதும், உங்கள் உறவினர் பார்த்த முகம் அவளுக்குத் தென்படாது.

அவர்களிடம் ‘தூ’ என்றும் ‘வூ’ என்றும் இரண்டு முன்னிலைச் சொற்கள் உண்டு. நம் நீ, நீங்கள் போலத்தான். பேராசிரியரிடம் ‘வூ’, உடன் படிப்பவர்களிடம் ‘தூ’. ஆங்கிலேயர்கள் திணறுகிற இடம் இது. தமிழ்ப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

பொட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 1905-இலேயே சட்டம் போட்டு மதத்தையும் அரசையும் பிரித்துவைத்த நாடு அது. மத அடையாளங்களை வெளிப்படையாக அணியக் கூடாது என்ற 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது பொருந்தாது.

சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம். லியோன் சமையலுக்குப் பெயர்போன ஊர், ஆனால் அதன் பழைய உணவகங்களில் பன்றி இறைச்சிக்கே முதலிடம். “நான் சைவம்” என்றால் சிலர் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். “இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்” என்று சொல்லப் பழகட்டும். பாலாடைக்கட்டியிலும் கவனம் தேவை, பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. ஆறுதலான செய்தியும் உண்டு. லியோனுக்குத் தென்மேற்கே, ல புய் ஊரைச் சுற்றியுள்ள எரிமலை மண்ணில் பச்சை நிறத்தில் ஒரு பயறு விளைகிறது. குழையாமல் வேகும், சுண்டலுக்கு அருமை. மசாலாச் சாமான்களுக்கு கியோத்தியேர் பகுதிக் கடைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

இனிச் சொல்வது உங்களுக்கு. அங்கே மதிப்பெண் 20-க்குத்தான் போடுவார்கள். 10 எடுத்தால் தேர்ச்சி, 14 ‘நன்று’, 16 ‘மிக நன்று’. இருபதுக்கு இருபது என்பது பல பேராசிரியர்கள் யாருக்குமே கொடுக்காத எண். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிப் பழகிய பிள்ளை போனில் “13 வந்திருக்கிறது அம்மா” என்று தயங்கிச் சொல்லும்போது, தயவுசெய்து “ஏன்?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்த முதல் பருவத்தில் அழுத நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 13 நல்ல மதிப்பெண், அதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

பெட்டியில் இரண்டு அகல் விளக்கு வைத்து அனுப்புங்கள். 1852 டிசம்பர் 8-ஆம் தேதி, ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலையைத் திறந்துவைத்த இரவில், லியோன் மக்கள் வீட்டு ஜன்னல்களில் விளக்கேற்றினார்கள். இன்றும் அந்த நாளில் சிறு கண்ணாடிக் குவளைகளில் மெழுகுவத்தி ஏற்றி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைக்கிறார்கள். நம் கார்த்திகையும் அதை ஒட்டித்தான் வரும். அவள் ஜன்னலிலும் அன்று விளக்கு எரியட்டும்.