ஈகிள், மேப்பிள், பிரிட்டானியா: வெளிநாட்டு வெள்ளி நாணயம் நம்ம ஊரில் முதலீடு ஆகுமா?

கேட்டிருப்பது இதுதான்: உலகம் முழுக்க முதலீட்டாளர்கள் வாங்கிச் சேர்க்கும் வெள்ளி நாணயங்கள் எவை, நம்ம பக்கத்தில் இருப்பவர்கள் அவற்றை வாங்கி வைக்கலாமா?

என்னிடம் மூன்று இருக்கின்றன. ஓர் அமெரிக்க ஈகிள், ஒரு கனடா மேப்பிள், ஒரு பிரிட்டானியா. மூன்றும் துபாயில் வேலை பார்க்கும் அத்தான் லீவுக்கு வரும்போது ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தவை. ஈகிளை விற்கப் போன அன்றுதான் எனக்குப் பாதி விஷயம் புரிந்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருநெல்வேலி டவுன், ரத வீதியில் ஒரு கடை. கல்லாவில் இருந்த அண்ணாச்சி நாணயத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு துட்டு தம்பி?"

"அமெரிக்கா துட்டு அண்ணாச்சி."

"ஒன் டாலர்னுல்லா போட்டிருக்கு? ஒரு டாலருக்கு இவ்வளவு வெள்ளி குடுத்தா அந்த கவர்மென்டு விளங்குமா?"

நியாயமான கேள்வி. தராசில் வைத்தார்: 31.12 கிராம். கண்ணாடி மேல் தட்டி ஓசையைக் கேட்டார். உரைகல்லில் ஓரத்தை லேசாக இழுத்தார். அப்புறம் உள்ளே பட்டறைப் பக்கம் கையைக் காட்டி, "ஓரத்துல அரத்தால கொஞ்சம் ராவிப் பாக்கட்டா?" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. வேண்டாம் என்றேன். "அப்ப பழைய வெள்ளி விலைதான் போட முடியும். உருக்கிப் பாக்காம இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அடுத்த கடையில் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்று பார்க்கும் மெஷின் இருந்தது. 99.9 என்று காட்டியது. அப்படியும் அன்றைய விலையில் 100 ரூபாய்க்கு 4 ரூபாய் கழித்துத்தான் சொன்னார்கள். படம் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "படம் நல்லாத்தான் இருக்கு. படத்துக்குத் துட்டு கிடையாது."

கணக்குப் பாருங்கள். அத்தான் அங்கே வெள்ளி விலைக்கு மேல் 100-க்கு 18 கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தார். இங்கே 4 கழிவு. சுங்க வரியை விட்டுவிடுவோம், அது இந்திய விலையிலேயே ஏறித்தான் நிற்கும். 118 போட்ட இடத்தில் 96 கைக்கு வருகிறது. வெள்ளி விலை 100-க்கு 23 ஏறினால்தான் போட்ட முதலே திரும்பும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இந்த இடி இவ்வளவு பலமாக விழாது. அங்கே நாணய வியாபாரி ஈகிளை ஈகிள் என்றே எடுப்பார். உரசுவதும் இல்லை, உருக்குவதும் இல்லை, கொடுத்த கூடுதல் விலையில் ஒரு பங்கு திரும்பி வரும். நாணயத்தின் மதிப்பில் ஒரு பாதி வெள்ளி என்றால், மறுபாதி அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொள்ளும் கடைக்காரர். அந்த மறுபாதி விமானம் ஏறி வருவதில்லை.

சரி, அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு வருவோம். அந்த ஒரு டாலர் பேருக்குத்தான். அரசு வெளியிட்ட சட்டப்படியான நாணயம் என்பதற்காக ஒரு முகமதிப்பு போடுகிறார்கள். விலை என்னவோ உள்ளே இருக்கும் வெள்ளிக்குத்தான். பெரும்பாலும் எடை ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். நம்ம கணக்கில் நாலு பவுன் எடைக்கு ஒரு கிராம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்பில் வரும் 28 கிராம் அவுன்ஸ் வேறு.

இதில் ராஜா அமெரிக்க ஈகிள்தான். 1985-ல் சட்டம் போட்டு 1986-ல் வெளியிட்டார்கள். அரசுக் கையிருப்பில் தேங்கிக் கிடந்த வெள்ளியைக் கரைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. சுத்தம் 999, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. குறுக்களவு 40.6 மில்லிமீட்டர். ஒரு பக்கம் சூரியனைப் பார்த்து நடக்கும் சுதந்திர தேவி. அடால்ஃப் வைன்மன் 1916-ல் அரை டாலருக்காக வடித்த உருவம் அது. 2021-ல் பின்பக்கக் கழுகை மாற்றினார்கள். அதோடு ஓரத்துப் பற்களில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே இடைவெளி விட்டார்கள், போலியைப் பிடிக்க. எங்கள் வீட்டில் அம்மா இதைப் பார்த்த மாத்திரத்தில், "பின்னால சூரியன் எழும்ப, அம்மன் நடந்து வாறா" என்று பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டாள். விற்கப் போகும்போது குங்குமத்தைத் துடைத்துத்தான் எடுத்துப் போனேன்.

கனடா மேப்பிள் 1988-ல் வந்தது. சுத்தம் 9999, அதாவது நாலு ஒன்பது. முகமதிப்பு 5 டாலர். பின்புலத்தில் கதிர் கதிராக நுண்கோடுகள், லேசரால் பொறித்த ஒரு குட்டி இலை என்று பாதுகாப்பில் கெட்டி. ஆனால் இதற்கு ஒரு வியாதி உண்டு: வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். 2018-ல் இருந்து மேற்பரப்புக்குத் தனிப் பாதுகாப்பு முறை கொண்டுவந்தார்கள். என்னுடையது அதற்கு முந்தியது. புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டு அம்மா விபூதி போட்டுத் தேய்த்துவிட்டாள். குத்துவிளக்கு வெள்ளிக்கு அதுதானே நம்ம வீட்டு வைத்தியம். விளக்குக்குச் சரி, நாணயத்தில் பொடிப்பொடியாகக் கீறல் விழுந்து, சேகரிப்பவர் கண்ணுக்கு அது இனி வெறும் வெள்ளித் துண்டு. கறுத்தாலும் புள்ளி விழுந்தாலும் தேய்க்காதீர்கள். வாங்கின உறையோடு, ஈரம் படாமல் வையுங்கள்.

பிரிட்டானியா பிரிட்டன் நாணயம், அந்த நாட்டையே ஒரு பெண்ணாக வடித்த உருவம் அதில் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம். 1997-ல் ஆரம்பித்தபோது சுத்தம் 958 தான். 2013-ல் இருந்துதான் 999. பழையது 32.45 கிராம் நிற்கும், சுத்த வெள்ளி ஒரு அவுன்ஸ்தான் இருக்கும். எடையை மட்டும் பார்த்து வாங்கினால் ஒரு கிராம் செம்புக்கு வெள்ளி விலை கொடுத்ததாகிவிடும். 2021 முதல் வந்தவற்றைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு சின்ன இடத்தில் பூட்டும் சூலமும் மாறி மாறித் தெரியும், பின்னால் அலை ஓடும். கையில் சூலம் இருப்பதால் அம்மா இவளுக்கு எங்கள் பக்கத்து அம்மன் பேரில் இசக்கி என்று பேர் வைத்திருக்கிறாள்.

மற்றவை சுருக்கமாக. ஆஸ்திரியாவின் வியன்னா பில்ஹார்மோனிக் வெள்ளியில் வந்தது 2008-ல். முகமதிப்பு ஒன்றரை யூரோ, ஓரம் வழவழப்பு, ஒரு பக்கம் இசை மண்டபத்து ஆர்கன், மறுபக்கம் வயலினும் செல்லோவும். இசைத்தூண் இருக்கிற ஊர்க்காரனுக்கு அதுதான் பிடிக்க வேண்டும், ஆனால் இன்னும் கைக்கு வரவில்லை. மெக்சிகோவின் லிபர்டாட் 1982 முதல் வருகிறது, அதில் முகமதிப்பே கிடையாது. சீனப் பாண்டா கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் படம் மாறும். 2016-ல் இருந்து அவுன்ஸை விட்டுவிட்டு 30 கிராமுக்குப் போய்விட்டார்கள், இதையும் 31.1 என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலையில் 1990 முதல் கூக்கபரா, பிறகு கங்காரு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் தங்கத்தில் 1967, வெள்ளியில் 2017.

போலி நிறைய சுற்றுகிறது, அதிலும் ஈகிளில். பெரும்பாலும் செம்போ பித்தளையோ, மேலே வெள்ளி முலாம். செம்பு எங்களுக்குப் புதிதில்லை; நெல்லையப்பர் கோயிலில் நடராஜர் ஆடுவதே தாமிர சபையில்தான், வெள்ளி அம்பலம் மதுரையில். ஆனால் வெள்ளி விலை கொடுத்துச் செம்பு வாங்க முடியாது இல்லையா. டச் மெஷின் மேற்பரப்பைத்தான் பார்க்கும், முலாம் தடியாக இருந்தால் ஏமாந்துபோகும். வீட்டிலேயே செய்யும் ஒரு சோதனை சொல்கிறேன், நாணயத்துக்கு ஒரு கீறலும் விழாது.

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் நாணயத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டீக்கடைப் பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தைத் தையல் நூலால் பொட்டலம் கட்டுவது போலக் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியிலோ ஓரத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். கை நடுங்கக் கூடாது. நான் ஸ்டூலுக்கு மேலே ஒரு கம்பை வைத்து அதில் கட்டினேன். இப்போது தராசு 2.96, 2.97 என்று காட்ட வேண்டும். 31.1-ஐ அதால் வகுத்தால் 10.5 பக்கம் வரும், அது வெள்ளியின் அடர்த்தி. செம்பு என்றால் 3.47 காட்டும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிடுங்கள், நான் முதல் தடவை அதைக் கவனிக்காமல் அத்தானைத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டேன்.

கொண்டுவருவது பற்றியும் கேட்பீர்கள். நாணயம் நகைக் கணக்கில் வராது. விமான நிலையத்தில் ரெட் சேனலில் சொல்லி வரி கட்டித்தான் வரவேண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளிக்கான இறக்குமதி வரியை 15 சதவீதத்தில் இருந்து 6 ஆகக் குறைத்தார்கள். இது மாறிக்கொண்டே இருக்கும் விஷயம், கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் விற்கும்போது வாங்கிய விலைக்கு அதுதான் சாட்சி. 24 மாதம் கழித்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேரும்.

வெளிநாட்டு நாணயத்தைத் தேடிப் போகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்கள் ஆச்சி ஒரு தகர டப்பாவில் பதினாலு ராஜா தலை ரூபாய் வைத்திருந்தாள். அவள் காலத்துக்கு அப்புறம் மாமா எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு கடையில் போட்டார். "வெள்ளைக்காரன் காசுல பாதிதான் வெள்ளி" என்று அவர்கள் எல்லாவற்றையும் 50 டச் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி உண்மை. 1940 முதல் 1945 வரை போட்ட ரூபாயில்தான் பாதி வெள்ளி. 1947 ரூபாய் முழு நிக்கல். ஆனால் 1835 முதல் 1939 வரை ஆண்டு போட்ட ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, அதாவது 10.7 கிராம். ஆச்சியின் காசில் ஒன்பது, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை, எல்லாம் 1939-க்கு முந்தியவை. பாதி வெள்ளி என்று 5.8 கிராமுக்குத்தான் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 4.9 கிராம், ஆக 43 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி சும்மா போனது. ஒரு ஈகிளுக்கும் மேலே. இது எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்து.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாக. முதலீடுதான் நோக்கம், விற்கப்போவதும் திருநெல்வேலியிலோ தென்காசியிலோதான் என்றால் வெளிநாட்டு நாணயம் வேண்டாம். 999 பார் வெள்ளியாக, 50 கிராம், 100 கிராம் என்று பில்லோடு வாங்குங்கள். வாங்கும் அன்றே, "திரும்பக் கொண்டுவந்தா என்ன கழிப்பீங்க?" என்று கேட்டு, முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். லட்சுமி படம் போட்ட நாணயத்துக்குச் செய்கூலி கூடும், அதுவும் படத்துக்குக் கொடுக்கிற துட்டுதான். டீமேட் கணக்கு இருந்தால், பங்கு மாதிரி சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி ஈடிஎப் 2022 முதல் இருக்கிறது, ராவவும் வேண்டாம் உரசவும் வேண்டாம். மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்து, அங்கேயே வாங்கி அங்கேயே விற்பார்கள் என்றால் தாராளமாக ஈகிள், மேப்பிள் பக்கம் போகச் சொல்லுங்கள்.

எதில் போட்டாலும் பொறுமை வேண்டும். வெள்ளி 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலர் பக்கம் போனது. 2011 ஏப்ரலில் மறுபடியும் அந்த வாசல் வரை வந்து திரும்பியது. 2020 மார்ச்சில் 12 டாலருக்குக் கிடந்தது. 50-ஐத் தெளிவாகத் தாண்ட 2025 அக்டோபர் ஆகிவிட்டது. 1980-ல் உச்சத்தில் வாங்கியவர் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் வாங்கின விலையைப் பார்த்திருப்பார், அதுவும் விலைவாசியைக் கணக்கில் சேர்க்காமல்.

என் ஈகிளை அன்று விற்கவில்லை. செலவுக்கு வேறு வழி பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாங்கி, கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் இசக்கிக்கும் சேர்த்துக் குங்குமம். விபூதியை மட்டும் எட்ட வைத்திருக்கிறேன்.